பச்சோந்திக் குட்டி சும்மா இருந்தால் சுகமாக இருக்கிறதா?

வெளிநாட்டுச் செல்லப்பிராணிக் கடைகளில் பச்சோந்தி என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஏமன் பச்சோந்திதான். ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியும் அதன் தாய்மண். தலையில் உயர்ந்து கூம்பிய கொண்டையும், உடலில் பச்சையும் மஞ்சளுமாய்ப் பட்டைகளும் இருக்கும். கூண்டிலேயே முட்டையிட்டுப் பெருகுவதால் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டு மூன்று மாதக் குட்டியாக வீட்டுக்கு வரும்போது வாலோடு சேர்த்தாலும் ஒரு சாண் இருக்காது. டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணன் மகனோ அக்கா மகளோ அப்படி ஒன்றை வாங்கி அலைபேசியில் காட்டினால், கீழே உள்ளதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். முதல் ஆறு மாதத்தில்தான் அதன் எலும்பு உருப்பெறுகிறது. அந்த ஆறு மாதத்தில் வளைந்துபோன காலை அப்புறம் எந்த மருத்துவராலும் நிமிர்த்த முடிவதில்லை.

பச்சோந்தி சத்தம் போடாது, வாலாட்டாது, பசிக்கிறது என்று நம் காலைச் சுற்றி வராது. அதனால் அதைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறோம்.

நம்பிக்கை: கையில் எடுத்தால் பேசாமல் இருக்கிறது, நம்மோடு பழகிவிட்டது

மிக அதிகமாகத் தீங்கு செய்வது இந்த நம்பிக்கைதான். காட்டில் பறவைக்கும் பாம்புக்கும் இரையாகும் பிராணி அது. பலவீனத்தை வெளியே காட்டினால் அன்றே உயிர் போகும். ஆகவே பயத்தையும் நோயையும் கடைசிவரை மறைத்துவைப்பது அதன் பிறவிக்குணம். கையில் எடுத்ததும் அசையாமல் இருப்பதற்குப் பாசம் காரணமில்லை, தப்ப வழியில்லாததுதான் காரணம். உடலைப் பக்கவாட்டில் தட்டையாக்குவது, நிறம் கறுப்பது, வாயைப் பிளப்பது, மெல்லச் சீறுவது எல்லாம் 'விட்டுவிடு' என்பதன் அடையாளங்கள்.

கண்ணைக் கவனியுங்கள். கண்விழி முழுவதையும் செதில் தோல் மூடியிருக்கும், நடுவே கடுகளவு துவாரம் மட்டும் திறந்திருக்கும். நலமாக உள்ள குட்டியின் இரண்டு கண்களும் பகல் முழுக்க ஓய்வில்லாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். ஒன்று மேலே பார்க்கும்போது மற்றது பின்னால் பார்க்கும். நடுப்பகலில் கண்ணை மூடிக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்றால் அது தூங்கவில்லை, உடம்புக்கு முடியவில்லை. அன்றே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பல நேரங்களில் அந்த நாளை வருவதில்லை.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். வளரும் குட்டியின் எடை ஏறிக்கொண்டே போக வேண்டும். வாயைத் திறந்து எதையும் சொல்லாத பிராணிக்காகப் பேசுவது அந்த எண்தான்.

நம்பிக்கை: பூச்சிதானே உணவு, எந்தப் பூச்சியைப் போட்டாலும் போதும்

கடையில் கிடைக்கும் சுவர்க்கோழிதான் பெரும்பாலோர் கொடுக்கும் தீனி. அதன் உடம்பில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸோ பல மடங்கு அதிகம். வளரும் எலும்புக்கு வேண்டியது நேர்மாறானது: இரண்டு பங்கு கால்சியத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ். பட்டினி கிடந்த சுவர்க்கோழியை அப்படியே கொடுத்துவந்தால் குட்டியின் வயிறு நிறையும், எலும்போ பஞ்சாகும். இரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை உடல் தன் எலும்பிலிருந்தே உருவத் தொடங்கும். முன்னங்கால் வளையும், தாடை ரப்பராக நெளியும், கிளையைப் பிடிக்கும் பிடி தளரும். தசை வேலை செய்யவும் கால்சியம் வேண்டும் என்பதால், எறிந்த நாக்கு இரையை எட்டாமல் விழுவதும் இதன் அறிகுறி. இரண்டு மூன்று முறை குறி தவறினால் 'குட்டிதானே, பழகிக்கொள்ளும்' என்று விட்டுவிடாதீர்கள்.

அந்த நாக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் குறி தவறுவது ஏன் கவலைக்குரியது என்பது புரியும். உடல் நீளத்தைவிட அதிகத் தொலைவுக்கு அது பாயும். அதன் நுனியில் உள்ள பசை மனித உமிழ்நீரைவிடச் சுமார் 400 மடங்கு கெட்டியானது என்று 2016இல் வெளியான ஆய்வொன்று அளந்து சொன்னது. நலமான குட்டி சரியான தொலைவில் இருக்கும் இரையைப் பெரும்பாலும் தவறவிடாது.

ஆகவே முதலில் சாப்பாடு போட வேண்டியது பூச்சிக்கு. ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், சுவர்க்கோழிகளுக்குக் கடுகுக் கீரை, முருங்கைக் கீரை, கேரட், பூசணி, ஒரு சுளை ஆரஞ்சு என்று கொடுங்கள். அவற்றின் வயிற்றில் இருப்பதுதான் குட்டியின் வயிற்றுக்குப் போகிறது. பாலக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் அன்றைய பூச்சிகளைப் போட்டு, வெறும் கால்சியப் பொடியை ஒரு சிட்டிகை தூவி, மெல்லச் சுழற்றுங்கள். கால்களிலும் முதுகிலும் லேசாக வெண்மை படிந்தால் போதும். மாவில் புரட்டியது மாதிரி ஆகிவிட்டால் குட்டி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அளவுக்கு ஒரு பழைய விதி உண்டு: குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. மூன்று மாதக் குட்டி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிறு சுவர்க்கோழிகளை இரண்டு வேளையாகத் தின்னும். தின்னாமல் மிஞ்சியவற்றை இரவுக்குள் எடுத்துவிடுங்கள். பசித்த சுவர்க்கோழி தூங்கும் குட்டியைக் கடிக்கும். தினமும் ஒரே பூச்சியாக இல்லாமல் பட்டுப்புழு, சிறு கரப்பான் வகைகள், ஈ என்று மாற்றிக் கொடுப்பது நல்லது. மெழுகுப்புழுவில் கொழுப்பு மிகுதி, எப்போதாவது ஒன்று போதும். தோட்டத்துப் பூச்சிகளில் பூச்சிமருந்து இருக்கக்கூடும். மின்மினிப்பூச்சியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். வட அமெரிக்க மின்மினிகளில் உள்ள நஞ்சு பல்லியினங்களைக் கொல்லும், ஒன்றே ஒன்று தின்றாலும்.

சத்துப்பொடி நல்லது என்றால் நிறையக் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். வெறும் கால்சியம் தினமும் தூவலாம். வைட்டமின் டி3யும் வைட்டமின் ஏவும் கலந்த பொடி அப்படியல்ல. அவை உடலில் தேங்கும், மிஞ்சினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மாதம் இருமுறை போதும்.

நம்பிக்கை: பெண் குட்டி கொழுகொழுவென்று இருந்தால் நல்லது

குட்டிப் பருவத்தில் வயிறார உண்ணட்டும். நாலைந்து மாதம் ஆனதும் கையைக் கட்டுப்படுத்த வேண்டும், பெண்ணுக்கு அது இன்னும் முக்கியம். ஏமன் பச்சோந்திப் பெண் ஆணைப் பார்க்காமலேயே முட்டை வைக்கும். தீனியும் வெப்பமும் கூடக்கூட முட்டையின் எண்ணிக்கையும் கூடும். ஒரே ஈட்டில் ஐம்பது, அறுபது என்று போவதும் உண்டு. அத்தனை ஓட்டுக்கும் கால்சியம் அவள் உடம்பிலிருந்துதான் போக வேண்டும். முட்டையிட ஈர மணல் இல்லாவிட்டால் முட்டைகளை வயிற்றிலேயே அடக்கிவைத்துச் செத்துப்போவாள். ஐந்து மாதத்துக்குள் கூண்டில் ஒரு சாணுக்குக் குறையாத ஆழத்தில் ஈர மணல் நிரப்பிய வாளி இருக்க வேண்டும். அவள் தோண்டும்போது யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது. பார்த்தால் பாதியில் விட்டுவிட்டு ஏறிவிடுவாள்.

நம்பிக்கை: கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாயிற்று

தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் தண்ணீர் என்று கண்டுகொள்வதில்லை. இலையில் உருண்டு நிற்கும் துளியைத்தான் நக்கும். காலையிலும் மாலையிலும் இலைகள் நனையத் தெளிக்க வேண்டும், இடையில் இலைகள் காய வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் நுரையீரல் கெடும். மணிபிளான்ட், செம்பருத்தி போன்ற உயிருள்ள செடிகளை வைத்தால் துளி நன்றாக நிற்கும். இந்த இனம் இலையையும் கடித்துத் தின்னும் என்பதால் மருந்து அடித்த செடி கூடாது. தண்ணீர் போதுகிறதா என்று எச்சத்தைப் பார்த்தால் தெரியும். அதோடு வரும் சிறுநீர்க் கழிவு வெள்ளையாக இருந்தால் சரி. ஆரஞ்சு நிறமானால் தாகத்தில் இருக்கிறது.

நம்பிக்கை: ஜன்னலோரம் வைத்திருக்கிறோம், வெயில் படுகிறது

கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும், புற ஊதா 'பி' கதிர் ஏறக்குறைய வராது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடம்பில் சேரும். பார்த்துப் பார்த்துப் பொடி தூவிய வீடுகளிலும் குட்டிகளின் கால் வளைவதற்கு இதுவே காரணம். கூண்டின் மேல் நீளக் குழல் வடிவிலான புற ஊதா விளக்கு வேண்டும், பகலில் 12 மணி நேரம். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை மாற்ற வேண்டும். கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்துகொண்டே இருக்கும், வேண்டிய கதிர் மட்டும் வற்றிப்போயிருக்கும். கண்ணாடித் தொட்டியையே தூக்கிக்கொண்டுபோய் வெயிலில் வைப்பவர்களும் உண்டு. சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெப்பத்திலும் இதே பிழை நடக்கிறது. பாலைவனப் பிராணி, சூடு எவ்வளவு இருந்தாலும் தாங்கும் என்று விளக்கைத் தாழ்த்தி வைக்கிறார்கள். அது மலைச்சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளின் பசுமையிலும் வாழும் இனம், இரவில் குளிரைப் பார்த்துப் பழகியது. குட்டி வெயில் காயும் கிளையில் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் போதும், கூண்டின் கீழ்ப்பகுதி அதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரில் அதன் நாக்கு என்ன செய்கிறது என்பதை கிறிஸ்டோபர் ஆண்டர்சனும் ஸ்டீபன் டெபனும் இதே இனத்தில் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். 15 டிகிரியிலும் நாக்கு ஏறக்குறைய அதே வேகத்தில் பாய்ந்தது. காரணம், நாக்கை எறிவது தசை நேரடியாகத் தரும் விசையல்ல. முன்னதாகவே இழுத்துச் சேமித்துவைத்த மீள்விசை அதை எறிகிறது. தசையை நம்பியிருக்கும் திரும்ப இழுக்கும் வேலைதான் குளிரில் மந்தமானது. மற்ற பல்லிகள் விறைத்துக் கிடக்கும் விடியலிலேயே இரை தேடும்படி அமைந்த உடம்பு அது. இரவில் சிவப்பு விளக்கு எரியவிட வேண்டியதில்லை. அதற்கு இருட்டு வேண்டும்.

நம்பிக்கை: தனியாக இருந்தால் பாவம், ஜோடியாக வாங்கு

பச்சோந்திக்குத் தனிமை துன்பமில்லை. மூன்று மாதமாவதற்குள் கூடப் பிறந்தவற்றையும் பிரித்துவிட வேண்டும். சண்டை கண்ணில் பட வேண்டும் என்றுகூட இல்லை. வலுத்தது வெயில் கிளையில் உட்காரும், மெலிந்தது இலைக்குப் பின்னால் ஒளிந்து, தின்னாமல் தேயும். அடுத்தடுத்த கூண்டுகளில் ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பதே தொல்லைதான், நடுவே ஒரு மறைப்பு வேண்டும்.

நம்பிக்கை: உட்காரும் இடத்தின் நிறத்துக்கு மாறும்

சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும் என்று குட்டியைத் துணி துணியாக மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியை வைத்து 2015இல் விளக்கினார்கள். தோலுக்குள் சில செல்களில் குவானின் என்னும் பொருளின் நுண்படிகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கையில் படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும், மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து அது பச்சையாகத் தெரியும். எதிரி ஆணையோ பெண்ணையோ கண்டு கிளர்ந்தால் படிகங்களின் இடைவெளி கூடும், தோல் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் போகும். மனநிலையும் உடல்சூடும் நோயும்தான் நிறத்தை முதன்மையாக ஆட்டிவைக்கின்றன. விடியற்காலையில் விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும் கறுத்திருந்தால் பயப்பட வேண்டாம், வெப்பத்தை உள்வாங்குகிறது. மதியத்திலும் கறுப்பாகவே இருந்தால் ஏதோ சரியில்லை.

நம்பிக்கை: நம்மூர்ப் பச்சோந்திக்கு விஷம் உண்டு, விஷம் இல்லாவிட்டால் பிடித்து வளர்க்கலாம்

இரண்டும் தவறு. தமிழகத்தின் புதர்க்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழும் நம் பச்சோந்திக்கு நஞ்சு இல்லை. பல்லிலும் இல்லை, மூச்சிலும் இல்லை. இல்லாத விஷத்துக்குப் பயந்து கல்லெறிந்து கொல்வதைப் போன்ற வேதனையான காரியம் இல்லை. அதைப் பிடித்து வீட்டில் வைப்பது இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏமன் பச்சோந்தியும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முறையான இறக்குமதி ஆவணமும் அரசுப் பதிவும் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருக்க முடியாது. தெருமுனைக் கடைக்காரர் எதுவும் வேண்டாம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மழைக்காலத்தில் சாலையை மெல்லத் தாண்டும் பச்சோந்தியைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி, ஒரு குச்சியை அதன் முன்னால் நீட்டுங்கள், தானே பற்றிக்கொண்டு ஏறும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் தண்ணீரோ பூச்சியோ வாயில் திணிக்காமல், காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.