லூக்கா சொல்லிய குடிமதிப்பு

கிறிஸ்துசமய வேதத்திலே விசுவாசமும் சரித்திரமும் முட்டுமிடம் யாதெனக் கேட்கும் உபாத்தியாயர்கள், இயேசுவின் பிறப்பைக் கூறும் பகுதியை முதற்கண் நோக்குக. அவர் ஏரோது அரசன் காலத்தே பிறந்தாரென்பது மத்தேயு கூற்று. லூக்காவும் ஏரோது நாளிலேயே கதையைத் தொடங்கி, சிரேனியு சீரியாவை ஆண்டபோது நிகழ்ந்த குடிமதிப்பின் பொருட்டுப் பெற்றோர் நாசரேத்தினின்றும் பெத்லகேமுக்குப் போயினரென்கின்றார்.

ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது சரித்திர ஆசிரியருட் பெரும்பாலார் துணிபு. சிரேனியுவின் குடிமதிப்போ, ஏரோதின் மகன் அர்கெலாயு நீக்கப்பட்டு யூதேயா உரோமரது நேராட்சிக்குட்பட்ட கி.பி. 6இல் நிகழ்ந்ததென்பது யூத சரித்திரகாரராகிய ஜோசீபஸ் எழுதியவாற்றால் அறியப்படும். இடையீடு ஏறக்குறையப் பத்தாண்டு. அன்றியும், நாசரேத்து இருந்த கலிலேயா அப்பொழுது ஏரோதின் வேறொரு மகன் ஆட்சியில் இருந்தது. யூதேயாவிற் குடிமதிப்பு நடக்கக் கலிலேயன் ஒருவன் வருவானேன்?

சிரேனியு முன்னரும் ஒருமுறை அதிபதியாயிருந்தானென்பர் சிலர். அதற்குத் தக்க சான்று கிடைத்திலது. கிரேக்க மூலத்தில் 'முதல்' என்னுஞ் சொல்லுக்கு 'முன்' எனப் பொருள்கொள்வர் வேறு சிலர். அஃது இடர்ப்பட்டுக் கொள்ளும் பொருள். ஜெர்மனி தேசத்து ஸ்திராவுஸ் 1835இல் வெளியிட்ட இயேசு சரித்திரத்திலே, சுவிசேஷ வரலாறுகள் பலவற்றை, வஞ்சகர் கட்டிய பொய்யென்றும் நிகழ்ந்தவாறேயென்றுங் கொள்ளாது, அடியார் கூட்டத்தின் உள்ளத்தெழுந்த புராணமென்றார். அதனால் உத்தியோகமிழந்தார்.

நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்து இவ்வையத்தை எழுப்பினோம். உபாத்தியாயர் விடை கூறாது, விசுவாசமில்லாதவன் கேள்வியென்று எம்மை இருத்திவிட்டார். அந்நாள் தொட்டு இதனைக் கண்டனத்துக்கோர் வாளாகவே பொதிந்து வைத்திருந்தோம். உள்ளதைச் சொல்லின், அறிவைக் காட்டிலும் வெகுளியே அதனைத் தீட்டியது.

பின்னொருநாள் எம் வகுப்பிலே அவ்வாளை வீசினோம். மாணாக்கனொருவன் எழுந்து, "லூக்கா ஏறத்தாழ நூறாண்டிலே எழுதிவிட்டார். நம் சேக்கிழார் பெருமான் சம்பந்தமூர்த்தி நாயனாருக்கு ஐந்நூறாண்டு பின்னன்றோ, ஐயா?" என்றான்.

'இரு' என்னுஞ் சொல் எமது நாநுனி வரை வந்தது. அதனை அடக்கி, சிறுத்தொண்டர் சென்ற வாதாபிப் போர் 642இல் நிகழ்ந்ததெனச் சாசனங்களாற் றுணியப்படுதலையும், அதனாற் சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டென நிலைபெறுதலையும் கரும்பலகையில் எழுதினோம். "பூம்பாவை உயிர்பெற்றமையை நாம் நம்புகின்றோம், சரித்திரத்தால் நிறுவமாட்டோம்" என்றுஞ் சொன்னோம்.

"லூக்காவுக்கும் அவ்வாறு சொல்லலாமா, ஐயா?"

"கன்னிகை வயிற்றிற் பிறந்தமைக்குச் சொல்லலாம். குடிமதிப்புக்குச் சொல்லலாகாது, அஃது அரசாங்கக் கணக்கு" என்றோம்.