தாடை முறிந்து ரண சிகிச்சை பெற்றவரை முதல் ஆறு வாரங்களில் போஷிக்கும் விதம்

பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ தவறி விழுவதாலும், மாடு முட்டுவதாலும், தற்காலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்துக்களாலும் கீழ்த் தாடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குச் செல்வோர் கிராமங்களில் உண்டு. ரண வைத்தியர் முறிந்த பாகங்களைப் பொருத்தி, டைட்டானியம் என்னும் உலோகத் தகடுகளாலும் திருகாணிகளாலும் இணைக்கிறார். பல சமயங்களில் மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் கம்பியாலோ ரப்பர் வளையங்களாலோ சேர்த்துக் கட்டிவிடுவதும் உண்டு. சில தினங்களில் நோயாளி வீடு திரும்புகிறார். அத்துடன் சிகிச்சை முடிந்ததென்று வீட்டார் எண்ணுவது இயல்பே. ஆயினும் எலும்பு கூடுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அந்த வாரங்களின் பொறுப்பு ஆஸ்பத்திரியைக் காட்டிலும் அடுப்பங்கரையையே அதிகமாகச் சார்ந்தது. ஆகையால் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தைத் தம் வீட்டுப் பெண்மணிகளுக்கும் வாசித்துக் காட்டுவது நலம்.

வாய் கட்டப்பட்டவரைப் பற்றி முதலில் அறிய வேண்டியது மூச்சைப் பற்றியதாகும். 1914 முதல் 1918 வரை நடந்த ஐரோப்பிய மகாயுத்தத்தில், தாடை சிதைந்த சிப்பாய்களை மல்லாக்கக் கிடத்தித் தூக்கிச் சென்றபோது பலர் வழியிலேயே மூச்சடைத்து மாண்டனர் என்பதையும், உட்கார வைத்து முன்பக்கம் குனியச் செய்தவர்கள் பிழைத்தனர் என்பதையும் வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். அதே விதி நம் வீட்டுக் கட்டிலுக்கும் பொருந்தும். முதல் வாரத்தில் நோயாளி தலையணைகளை அடுக்கிச் சாய்ந்த நிலையிலேயே உறங்கட்டும். அதனால் வீக்கமும் சீக்கிரம் வடியும். குமட்டல் ஏற்பட்டால் உடனே எழுந்து முன்புறம் நன்கு குனிய வேண்டும். உண்பது நீராகாரமாகையால் வாந்தியும் நீராகவே இருந்து, பற்களின் இடைவெளி வழியாகவும் கன்னத்தின் வழியாகவும் வெளியேறிவிடும். இதை முன்கூட்டி அறிந்தவர் பயப்படமாட்டார். பயம் நீங்கினாலே பாதித் தொல்லை நீங்கும்.

ஆயினும் கம்பி வெட்டும் குறடு ஒன்றை நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் வைத்திருப்பது அவசியம். வெளியே சென்றால் அவர் பையிலும் அது இருக்க வேண்டும். மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் இணைக்கும் கம்பிகள் எவை, எங்கே வெட்ட வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படுமுன் வைத்தியரிடமோ நர்ஸிடமோ வீட்டார் இருவராவது நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ரப்பர் வளையமானால் கத்தரிக்கோல் போதும். மூச்சு அடைபட்டாலன்றி இதை உபயோகிக்கலாகாது. உபயோகித்தபின் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். 108 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் வண்டி வரும். கள், சாராயம் முதலிய மதுவகைகள் இக்காலத்தில் அறவே கூடாது. குடித்து மயங்கியவர் வாந்தி எடுக்கும்போது குனியவும் அறியார், குறட்டைத் தேடவும் அறியார். இரவில் அழைப்பதற்கு ஒரு சிறு மணியும், பகலில் எழுதிக் காட்ட ஒரு சிலேட்டும் கொடுத்துவிட்டால் நோயாளியின் மனம் அமைதிப்படும். பல்லைக் கடித்தபடியே பேசுவதும் இரண்டொரு தினங்களில் பழகிவிடும்.

வீக்கம் சிகிச்சைக்குப்பின் இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்ச நிலையை அடைந்து, பிறகு வடியத் தொடங்கும். ஆகவே மூன்றாம் நாள் முகம் முன்னைவிடப் பெரிதாயிருப்பது கண்டு திகிலடைய வேண்டாம். முதல் இரண்டு நாட்களும் துணியில் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிஷம் வைத்து, சற்று இடைவெளி விட்டு மீண்டும் வைக்கலாம். பச்சிலைப் பற்று, எண்ணெய் உருவுதல், நாட்டு எலும்புக்கட்டு ஆகியவை பொருத்திய எலும்பை விலக்கிவிடக் கூடும். கீழுதடும் மோவாயும் மரத்திருப்பது பெரும்பாலோருக்கு நேர்வதே. தாடைக்குள் செல்லும் நரம்பு அதிர்ச்சியுற்றதனால் உண்டாகும் இம்மரப்பு நீங்கச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். அதுவரை சூடு தெரியாமல் உதடு வெந்துபோகும் அபாயம் இருப்பதால், கஞ்சியின் பதத்தைக் கொடுப்பவர் தம் மணிக்கட்டில் விட்டுப் பார்த்த பின்னரே கொடுக்க வேண்டும்.

இனி ஆகாரம். இவ்விஷயத்தில்தான் நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு பெருந்தீங்கு நேர்கிறது. மெல்ல முடியாதவருக்கு நீர்க்கஞ்சியும் ரசமும் இளநீரும் மாறி மாறிக் கொடுக்கிறார்கள். வயிறு நிரம்புகிறது, தேகம் பட்டினி கிடக்கிறது. போதாக்குறைக்குப் பருப்பும் முட்டையும் சீழ் பிடிக்கச் செய்யும் என்று பத்தியமும் வைக்கிறார்கள். அதற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. ரணம் ஆறுவதற்கும் எலும்பு கூடுவதற்கும் புரதம் என்னும் சத்து அதிகமாக வேண்டியிருக்கும் சமயத்தில், அதைத் தரும் பொருள்களையே விலக்கி வைப்பது, சுவர் எழுப்பும்போது செங்கல்லை நிறுத்திவிட்டு நீரை மட்டும் ஊற்றுவதை ஒக்கும்.

படுத்தும் நடமாடியும் இருக்கும் சாமானிய தேகியொருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 கலோரி உஷ்ண சக்தியும், 60 அல்லது 70 கிராம் புரதமும் வேண்டும். இதை நீர்ப்பதமாகவே கொடுத்துவிடலாம். பசுவின் பால் ஒரு லிட்டரில் சுமார் 650 கலோரியும் 32 கிராம் புரதமும் உள்ளன. இத்துடன் 150 கிராம் கேழ்வரகு மாவு, 75 கிராம் பருப்பு, இரண்டு முட்டை, ஆறு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய், 60 கிராம் வெல்லம் ஆகியவை சேர்ந்தால் கணக்குச் சரியாகும். முட்டையைப் பச்சையாகக் கொடாமல், பாலில் அடித்துக் கலந்து, அடுப்பில் காய்ச்சி, வடிகட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி நெய் 45 கலோரி தரும். ஒவ்வொரு டம்ளர் கஞ்சியிலும் ஒரு தேக்கரண்டி கலந்தால் பதம் கெடாமல் பலம் கூடும். பால் ஒவ்வாதவருக்கு மோரும் நிலக்கடலைப் பாலும் உதவும்.

கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு சங்கடம் உண்டு. சத்து வேண்டி மாவை அதிகம் போட்டால் களியாகிறது, பற்களினிடையே செல்லாது. குறைத்தால் வெறும் நீர். நம் தாய்மார் குழந்தைகளுக்குச் செய்யும் முளைமாவே இதற்குப் பரிகாரம். கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி, முளைவிட்டதும் வெயிலில் உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். முளைக்கும் தானியத்தில் உண்டாகும் ஒருவிதச் சத்து, மாவின் கெட்டித்தன்மையை உடைக்கிறது. ஆகையால் சாதாரண மாவில் காய்ச்சிய கெட்டிக் கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியபின் ஒரு தேக்கரண்டி முளைமாவைத் தூவிக் கிளறினால், சில நிமிஷங்களில் அது இளகி நீராக ஓடும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு வடிகட்டிக் கொடுக்கலாம். முளைமாவை அதிகமாக வறுத்துவிட்டால் இக்குணம் போய்விடும்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சிலருக்கு வருத்தம் உண்டாகலாம். ஆயினும் சொல்லியாக வேண்டும். எலும்புக்கு எலும்பு பலம் தரும் என்று அதை மட்டும் நம்பியிருத்தல் தவறு. அது நாவுக்கு ருசியாயும் தொண்டைக்கு இதமாயும் இருக்கும். ஆனால் புரதத்தில் பெரும்பகுதி வடிகட்டியில் தங்கி வீட்டாரின் இலைக்கே போகிறது. வெந்த மாமிசத்தை மிக்ஸியில் நன்கு அரைத்து, அச்சாற்றிலேயே கரைத்து வடித்தால் நோயாளிக்கும் பங்கு கிடைக்கும்.

கொடுக்கும் வழியைப் பற்றிப் பலர் திகைப்பர். பற்கள் மூடியிருந்தாலும் கடைசிப் பல்லுக்குப் பின்னால் சிறு இடைவெளி இருக்கிறது. கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஊற்றிய நீராகாரம் அவ்வழியே உள்ளே செல்லும். 1865-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அமெரிக்க மந்திரி வில்லியம் சீவார்டு வண்டியிலிருந்து விழுந்து தாடை முறிந்தபோது, தாமஸ் கன்னிங் என்ற பல் வைத்தியர் கெட்டிப்படுத்திய ரப்பரால் செய்த அச்சொன்றை அவருக்குப் பொருத்தினார். இன்றும் கன்னிங் பெயரால் வழங்கும் அவ்வகை அச்சில், முன்புறம் ஆகாரம் செல்ல ஒரு துவாரம் விடப்பட்டிருக்கும். நமக்கோ விசேஷக் கருவி தேவையில்லை. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையின் மூக்கைக் கன்னத்தின் உட்புறம் வைத்துச் சிறுகச் சிறுகச் சாய்த்தால் போதும். ஆஸ்பத்திரியில் தரும் ரப்பர்க் குழாய் மாட்டிய சிரிஞ்சும் நன்று. நேராக உட்கார வைத்தே கொடுக்க வேண்டும். குடித்தபின் அரைமணி நேரம் படுக்கலாகாது. ஒரே தடவையில் அதிகம் குடிக்க முடியாதாகையால், இரண்டு மணிக்கொரு முறை, நாளைக்கு ஏழெட்டு வேளை கொடுப்பது உசிதம். தண்ணீரை இவற்றுக்கிடையே தனியே கொடுத்துவர வேண்டும். இல்லையேல் மலச்சிக்கல் வரும்.

நீரிழிவு உள்ளவருக்கு வெல்லத்தை விலக்க வேண்டும். ஆகாரம் மாறுவதால் அவர் வழக்கமாக உட்கொள்ளும் மருந்தின் அளவையும் வைத்தியரைக் கேட்டே தொடர வேண்டும். மாத்திரைகளை எல்லாம் பொடித்துக் கரைப்பதும் பிழை. சில மாத்திரைகள் பொடித்தால் கெடும். திரவ மருந்தாக எழுதித் தரும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

வாரந்தோறும் நோயாளியை நிறுத்துப் பார்க்க வேண்டும். சங்கக் கிடங்கிலுள்ள தராசு இதற்குப் பயன்படட்டும். முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ குறைவது சகஜம். அதன்பின்பும் வாராவாரம் குறைந்துகொண்டே போனால் ஆகாரம் போதவில்லை என்று அர்த்தம். வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். பால் சங்கத்தார் அந்த அங்கத்தினரின் வீட்டுப் பால் முழுவதும் விற்பனைக்கு வந்துவிடாமல், நாளொன்றுக்கு ஒரு லிட்டரேனும் அவர் வீட்டில் நிற்கும்படி சொல்லி வைப்பது மிகவும் பயனுடைய காரியம். வருமானம் நின்ற வீட்டில் பாலைத்தான் முதலில் விற்பார்கள்.

வாய்ச் சுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். ஒவ்வொரு வேளை குடித்தபின்பும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளிக்க வேண்டும். வைத்தியர் தரும் கொப்பளிப்பு மருந்தை அவர் சொன்ன வேளைகளில் உபயோகிக்கலாம். குழந்தைகளுக்குரிய மிருதுவான பிரஷ்ஷினால் பற்களின் வெளிப்புறத்தையும் கம்பியையும் மெதுவாகத் துலக்கலாம். வேப்பங்குச்சியும் கரித்தூளும் அதுவரை ஒதுங்கியிருக்கட்டும். கன்னத்தைக் குத்தும் கம்பி முனைக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மெழுகை உருட்டி ஒட்டுக. பீடி, சுருட்டு, புகையிலை, வெற்றிலைப்பாக்கு எல்லாம் நிறுத்தப்பட வேண்டும். புகை, ரத்த ஓட்டத்தைக் குறைத்து ரணம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

நான்காம் நாளுக்குப்பின் வீக்கம் வடியாமல் ஏறுதல், காய்ச்சல், சீழ், துர்நாற்றம், கம்பி தளர்தல், பற்கள் முன்போல் பொருந்தாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஏதொன்று கண்டாலும், குறித்த தேதிவரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். கம்பி கட்டாமல் தகடு மட்டும் வைக்கப்பட்டவருக்கு வாய் திறக்கும். வலியும் சில நாட்களில் குறையும். அவர் தாம் குணமடைந்துவிட்டதாக நினைத்து முறுக்கையோ கரும்பையோ கடித்துவிடுவது உண்டு. அவருக்கும் வைத்தியர் உத்தரவு கொடுக்கும்வரை மெல்லாத ஆகாரமே விதி. மரமேறுதல், மூட்டை தூக்குதல், முரட்டு மாட்டைப் பிடித்தல் ஆகிய வேலைகளை அக்கம்பக்கத்தார் முறைவைத்துச் செய்து கொடுக்கலாம்.

கம்பியை எடுத்தபின் வாய் உடனே முழுதும் திறவாது. பல வாரம் அசைவற்றிருந்த தசைகள் இறுகியிருக்கும். வைத்தியர் சொன்ன பிரகாரம் நாளைக்குப் பலமுறை மெதுவாகத் திறந்து மூடிப் பழகுதல் வேண்டும். நோயாளி தம் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக முன்பற்களுக்கிடையே நுழைக்கக் கூடுமாயின், திறப்பு ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டதென்று கொள்ளலாம். முதலில் குழைந்த மோர்ச் சாதமும் இட்டிலியும், பின்னர் மெத்தென்ற தோசையும், அதன்பின் வழக்கமான சாப்பாடும் என்று படிப்படியாகச் செல்க.