மெயில் சர்வர் லாகின்: எந்த முறையை வைப்பது?

"சார், பாஸ்வேர்ட் தப்புன்னே வருது. நாலு தடவை போட்டுட்டேன்."

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் எவருக்கும் பழகிப்போன போன் இது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் இப்படி அழைத்தார். லாக் கோப்பைத் திறந்தால், அப்படி ஒரு பயனரே இல்லை என்று பதிவாகியிருந்தது. சர்வர் எதிர்பார்த்தது @ குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும். அவர் போட்டதோ முழு முகவரி. போதாததற்கு, போன் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, கடைசியில் ஓர் இடைவெளியையும் ஒட்டியிருந்தது. அவரிடம் ஒரு தப்பும் இல்லை. லாகின் முறையைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் அந்த அம்மாவை மனதில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்கிறேன்.

யூசர் நேமில் எனக்குத் தயக்கமே இல்லை: முழு முகவரிதான். ஒரே சர்வரில் இரண்டு டொமைன் வந்தால் குறும்பெயர் மோதும். தண்டர்பேர்ட் போன்ற செயலிகளும் முகவரியை வைத்தே அமைப்புகளைத் தேடிக்கொள்கின்றன. ஆனால் பழக்கத்தில் குறும்பெயர் போடுபவரைத் திருப்பி அனுப்பவேண்டியதில்லை. டொமைன் ஒன்றுதான் என்றால் அதைச் சர்வரே சேர்த்துக்கொள்ளட்டும். பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்குவதையும் டவ்காட் போன்ற சர்வர்களில் ஒரு வரி அமைப்பிலேயே செய்துவிடலாம். ஓர இடைவெளியை நீக்கவும் வழி செய்துவிடுங்கள். ஒருகாலத்தில் சில செயலிகள் பெயரில் @ வந்தால் ஏற்காது என்பதற்காக, % போன்ற குறியையும் @ ஆக எடுத்துக்கொண்ட சர்வர்கள் இருந்தன. அந்தத் தாராளம் இன்றைக்கும் வேண்டும்.

அடுத்தது, பாஸ்வேர்ட் எப்படிப் பயணிப்பது. பாப்3-இன் ஏபாப் முறையும், 1997-இல் வந்த கிராம்-எம்டி5 முறையும் பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாமல் ஒரு கணக்கின் விடையை மட்டும் அனுப்பும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கைச் சரிபார்க்க, சர்வர் பாஸ்வேர்டையோ அதற்கு ஈடான ஒன்றையோ வைத்திருந்தாக வேண்டும். தரவுத்தளம் ஒருநாள் வெளியே போனால் எல்லோருடைய சாவியும் சேர்ந்தே போகும். வெறும் பிளெயின் முறையை டிஎல்எஸ் குறியாக்கத்துக்குள் வைத்தால், சர்வரில் பிகிரிப்ட் போன்ற ஹேஷ் மட்டும் இருந்தால் போதும். ஸ்கிராம்-ஷா-256 இரண்டு பக்கமும் நல்லது. பயனர்கள் கையில் இருக்கும் பல செயலிகளுக்கு அது தெரியாது என்பதுதான் தடை. ஆகவே பிளெயின், அதுவும் தொடக்கத்திலிருந்தே குறியாக்கம் உள்ள 993, 995 போர்ட்களில். 2018-இல் வந்த ஆர்.எஃப்.சி. 8314-உம் இந்த போர்ட்களையே பரிந்துரைக்கிறது. குறியாக்கம் இல்லாமல் தொடங்கும் 143 போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, குறியாக்கம் இல்லாத லாகினை மறுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சில செயலிகள் மறுப்பு வருமுன்பே பாஸ்வேர்டை அனுப்பிவிடும்.

உண்மையில் யோசிக்கவேண்டிய இடம் இதற்குப் பிறகுதான்: ஒரே பாஸ்வேர்டா, செயலியிடம் பாஸ்வேர்டைத் தராமல் வலைப்பக்கம் வழியே அனுமதி தரும் ஓஆத்தா, கருவிக்கு ஒன்றான ஆப் பாஸ்வேர்டா? ஒரே பாஸ்வேர்ட் எளிது. ஆனால் செயலியில் இரண்டாம் கட்டச் சோதனைக்கு இடமில்லை. ஒருமுறை திருடு போனால் எல்லாமே போச்சு. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் 2022 மே 30-ஓடு வெறும் பாஸ்வேர்டில் நுழையும் வழி மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனும் மூடத் தொடங்கியது. அவர்களைப் பார்த்து நாமும் ஓஆத் வைக்கலாமே என்று தோன்றும். சிறிய சர்வருக்கு நான் வேண்டாம் என்பேன். தண்டர்பேர்ட் தனக்குள் பட்டியலிட்டு வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத்தான் ஓஆத் பக்கத்தைத் தானாகத் திறக்கும். உங்கள் சர்வர் அந்தப் பட்டியலில் இருக்காது.

ஆகவே ஆப் பாஸ்வேர்ட். இரண்டாம் கட்டச் சோதனை உள்ள ஒரு வலைப்பக்கத்தில், கருவிக்கு ஒன்றாக சர்வரே உருவாக்கித் தரட்டும். பதினாறு சிறிய எழுத்துகள், நந்நான்காகப் பிரித்துக் காட்டுங்கள். இடைவெளியோடு போட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். 'வீட்டு போன்', 'ஆபீஸ் கம்ப்யூட்டர்' என்று பெயரிட வைத்தால், போன் தொலைந்த அன்று அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யலாம்.

பயனரே பாஸ்வேர்ட் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தமிழ் எழுத்தையும் விடுகிறீர்களா? அப்படியானால் 'கொ'வைக் கவனியுங்கள். ஒகரக் குறி ஒரே எழுத்துக்குறியாகவும் வரலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான். யூடிஎஃப்-8-இலோ முன்னது 6 பைட், பின்னது 9 பைட். இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஹேஷ் செய்யவேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் வைத்த பாஸ்வேர்ட் போனில் 'தப்பு' ஆகிவிடும்.

மறுப்பைச் சொல்லும் விதமும் லாகினில் சேர்ந்ததே. பாப்3-இல் ஒரு பெட்டியை ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் திறக்கலாம். வீட்டு போன் திறந்திருக்கும்போது ஆபீஸ் கம்ப்யூட்டர் தட்டினால் சர்வர் மறுக்கும்; செயலி உடனே பாஸ்வேர்ட் பெட்டியை நீட்டும். பயனர் நல்ல பாஸ்வேர்டை மாற்றத் தொடங்குவது இங்கேதான். 'பெட்டி பயன்பாட்டில் உள்ளது' என்று சொல்ல 1998-லேயே தனிக் குறியீடு வந்துவிட்டது. தற்காலிகக் கோளாறு, தவறான சான்று என்று பிரித்துச் சொல்ல ஐமேப்பிலும் 2009-இல் வந்தது. தரவுத்தளம் படுத்துக்கிடக்கும்போது 'பாஸ்வேர்ட் தவறு' என்று சொல்லும் சர்வரை நான் மன்னிக்கமாட்டேன். பெயர் தவறா, பாஸ்வேர்ட் தவறா என்று மட்டும் வெளியே பிரித்துச் சொல்லாதீர்கள். அது திருடனுக்கு உதவும்.

ஐந்து தவறானால் ஐபியைப் பூட்டும் வழக்கத்தையும் மாற்றவேண்டும். அலுவலகம் முழுவதும் ஒரே பொது ஐபியில் வெளியே வருகிறது. ஒருவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு மேசை டிராயரில் கிடக்கும் பழைய டேப்லெட்டை மறந்துவிட்டால், அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய பாஸ்வேர்டோடு தட்டிக்கொண்டே இருக்கும். அலுவலகத்துக்கே மெயில் நின்றுவிடும். அதே கணக்கில் அதே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் ஒரே முயற்சியாக எண்ணுங்கள், வெவ்வேறு தப்புகளை மட்டும் கூட்டுங்கள். பிறகு அந்த டேப்லெட்டின் சொந்தக்காரருக்கு எந்தக் கருவி, எத்தனை மணியிலிருந்து என்று ஒரு மெயில் அனுப்புங்கள்.