மூச்சும் அதன் அளவும்

உடலின் உள்ளுறுப்புகளுள் பெரும்பாலானவை மனிதனின் ஆணைக்கு உட்பட்டவை அல்ல. ‘நில்’ என்றால் இதயம் நிற்பதில்லை. ‘விரைந்து செரி’ என்றால் இரைப்பை செரிப்பதில்லை. மூச்சு மட்டும் இருநிலைக்கும் பொதுவாக இருக்கிறது. உறக்கத்தில் அது தானே நடைபெறுகிறது. விழிப்பில் அதை நீட்டலாம், குறைக்கலாம், சிறிது நேரம் நிறுத்தவும் செய்யலாம். மனத்தை அடக்க விரும்பிய யோகியர் மூச்சை ஒரு வாயிலாகக் கொண்டது பொருத்தமே.

எனினும் அந்த வாயிலின் அமைப்பை அறியாமல் அதை முட்டித் திறக்க முயல்வோர் பலர் தலைச்சுற்றலும் படபடப்புமே பெறுகின்றனர். ‘எவ்வளவு காற்றை இழுக்கிறோமோ அவ்வளவு பிராணவாயு உடலுக்குச் சேரும்’ என்ற எண்ணம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த எண்ணம் சரிதானா என்பதற்குச் சுவாச மண்டலமே விடை தருகிறது.

காற்று செல்லும் வழி

மூக்கு வெறும் துளை அன்று. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்பும் உறுப்பு அது. வாயால் மூச்சுவிடுவோர் இப்பணிகளின் பெரும்பயனை இழக்கின்றனர். தொண்டையைக் கடந்த காற்று குரல்வளை வழியாக மூச்சுக்குழலை அடைகிறது. உணவை விழுங்கும்போது குரல்வளை மூடி கவிந்து, உணவு வழிதவறாமல் காக்கிறது.

மூச்சுக்குழல் ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. குதிரை லாட வடிவில் அமைந்த 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் அது ஒட்டிப்போகாமல் தாங்குகின்றன. வளையங்களின் பின்புறம் திறந்திருப்பதால், பின்னால் உள்ள உணவுக்குழலில் கவளம் இறங்க இடம் கிடைக்கிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து நுரையீரல்களுக்குள் நுழைகிறது. வலது கிளை அகன்றும் நேராகவும் இருப்பதால், குழந்தைகள் தவறுதலாக உள்ளிழுக்கும் வேர்க்கடலை போன்ற பொருள்கள் பெரும்பாலும் அப்பக்கமே சென்று சிக்குகின்றன.

கிளைகள் ஏறத்தாழ 23 முறை பிரிந்து, இறுதியில் காற்று நுண்ணறைகளில் முடிகின்றன. இவற்றின் எண்ணிக்கை 30 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும். எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பு ஆகும். காற்றுக்கும் குருதிக்கும் இடையே உள்ள திரை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்புடையது. அதன் வழியே பிராணவாயு குருதிக்குள் செல்கிறது. கரியமில வாயு வெளியே வருகிறது.

உழைப்பது எது?

நுரையீரல் தானாக விரிவதில்லை. அதற்கு அத்தகைய தசை இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்னும் தசையே அமைதியான மூச்சின் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. அது சுருங்கிக் கீழிறங்கும்போது மார்புக்கூடு விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. காற்று தானே உள்ளே பாய்கிறது. தசை தளரும்போது காற்று வெளியேறுகிறது. முறையான மூச்சில் வயிறு மெல்ல எழுந்து தாழ்வதன் காரணம் இதுவே. கூன் விழுந்து அமர்வோருக்கு இத்தசை இறங்க இடம் குறைகிறது. முதுகை நிமிர்த்தி அமர்க என்ற பண்டைய விதிக்கு உடற்கூற்றியலும் துணைநிற்கிறது.

ஒரு சிறு கணக்கு

அமைதியாக இருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறார். அதில் 150 மில்லிலிட்டர் குழல்களிலேயே தங்கிவிடுகிறது; நுண்ணறையை அடைவதில்லை. நிமிடத்திற்கு 12 மூச்சு எனில், இழுத்த 6 லிட்டரில் 4.2 லிட்டர் பயன்படுகிறது. அதே 6 லிட்டரை 250 மில்லிலிட்டர் வீதம் 24 மேலோட்டமான மூச்சுகளாக இழுத்தால், பயன்படுவது 2.4 லிட்டர் மட்டுமே. 1 லிட்டர் வீதம் 6 நிதான மூச்சுகளாக இழுத்தால் 5.1 லிட்டர் பயன்படுகிறது. இழுத்த காற்று ஒன்றே. பயனோ இருமடங்குக்கு மேல் வேறுபடுகிறது. பதற்றத்தில் வரும் குறுமூச்சு உடலுக்கு ஏன் போதவில்லை என்பது இதனால் விளங்கும்.

மூச்சை ஏவுவது

மூச்சை அடக்கும்போது எழும் தவிப்பு பிராணவாயுக் குறைவால் வருவது என்றே பலரும் கருதுகின்றனர். இயல்பான நிலையில் அதை முதன்மையாக எழுப்புவது கரியமில வாயுவின் பெருக்கமே. 1905-இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் பிரித்தானிய ஆய்வாளர்கள் இதை நிறுவினர். மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளம் குருதியின் கரியமில வாயு அளவை இடையறாது கவனித்து, அதற்கேற்ப மூச்சை ஏவுகிறது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. நலமுள்ளவரின் குருதி நாடிகளில் செல்லும்போது 95 விழுக்காட்டுக்கு மேல் பிராணவாயு நிறைந்தே இருக்கிறது. வேகவேகமாக ஆழ்ந்து மூச்சுவிட்டால் பிராணவாயு மிகச் சிறிதே கூடும். கரியமில வாயுவோ வெகுவாகக் குறைந்துவிடும். அது குறைந்தால் மூளையின் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. தலைச்சுற்றல், உதட்டிலும் விரல்களிலும் மரமரப்பு, சிலருக்கு மயக்கமும் உண்டாகின்றன. மிகுதியாகப் பெற முயன்றவரின் மூளைக்குக் கிடைப்பது குறைவே. நீரில் மூழ்குமுன் இவ்வாறு மூச்சுவிடுவது உயிருக்கே ஆபத்து. தவிப்பு எழுமுன்னரே நினைவு தவறிவிடக்கூடும்.

பயில்வோர் கருத வேண்டியவை

1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாம் நிறுவனத்தைத் தொடங்கி, யோகப் பயிற்சிகளை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்த சுவாமி குவலயானந்தரும், பிராணாயாமத்தின் சிறப்பை மிகுதியான பிராணவாயுவில் தேடவில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது, வெளிவிடும்போது தணிகிறது. நிதானமாக நீட்டி வெளிவிடும் மூச்சு நரம்புகளை அமைதிப்படுத்துவது இந்த இயல்பை ஒட்டியே.

ஆதலால் தொடங்குவோர் மூக்கால், ஓசையின்றி, வயிறு அசைய மூச்சுவிடப் பழகினால் போதும். வெளிவிடும் நேரம் இழுக்கும் நேரத்தைவிடச் சற்று நீளலாம். விரைவான மூச்சுப் பயிற்சிகளையும் மூச்சை அடக்குவதையும் நூலைப் பார்த்தோ பிறரைப் பார்த்தோ தொடங்கலாகாது. தகுந்த ஆசிரியர் வேண்டும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு உள்ளோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றில் இறங்கக் கூடாது. தலைச்சுற்றல் தோன்றினால் அது முன்னேற்றத்தின் அறிகுறி அன்று. உடனே நிறுத்தி இயல்பாக மூச்சுவிட வேண்டும்.

பயிற்சிக்கும் முற்பட்ட கடமை ஒன்று உண்டு. புகையிலைப் புகையும் விறகடுப்பின் புகையும் மூச்சுக் குழல்களைத் துப்புரவு செய்யும் நுண்ணிழைகளை முடக்கி, நுண்ணறைச் சுவர்களை அழிக்கின்றன. அழிந்த சுவர்களை மீட்டுத் தரும் பயிற்சி எதுவும் இல்லை. புகைப்பதைக் கைவிடுவதும், சமையலறைப் புகை வெளியேற வழி செய்வதும் மூச்சுக்குச் செய்யும் முதல் தொண்டு ஆகும். அளவறிந்த மூச்சு அதற்குப் பின்னரே வருகிறது. அதை ஆணையிட்டுப் பெற முடியாது, பொறுமையாகப் பழகியே பெற முடியும்.