புண்ணாக்கு விற்போர் அறிய வேண்டிய புரதக் கணக்கு



கறிக்கோழி என்றால் நம் உடுமலைக்குத் தனிப்பெயர் உண்டு. சுகுணா நிறுவனம் 1984-ல் தொடங்கியது இங்கேதான். ஒப்பந்தப் பண்ணைகளுக்குக் கம்பெனித் தீவனம் வந்துவிடுகிறது. சொந்தமாகக் குஞ்சு வாங்கி வளர்ப்பவர்களோ நம் கடைக்குத்தான் வருகிறார்கள். 'எந்தப் புண்ணாக்குங்க நல்லது?' என்று கேட்டால் சரியான பதில் சொல்வது நம் கடமை.

இளங்குஞ்சுத் தீவனத்தில் 22 சதம் அளவுக்குப் புரதம் வேண்டும். மக்காச்சோளத்தில் 9 சதம்தான் உண்டு. மீதியைப் புண்ணாக்குதான் ஈடுகட்ட வேண்டும்.

சோயாப் புண்ணாக்கில் சுமார் 45 சதம் புரதம். குஞ்சு வளரத் தேவையான லைசின் சத்தும் அதிகம். கடலைப் புண்ணாக்கிலும் புரதம் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் லைசின் பாதியளவுதான். எள்ளுப் புண்ணாக்கில் லைசின் குறைவு. சோயாவில் குறைவாக உள்ள மெத்தியோனின் இதில் நிறைவு. எனவே சோயாவுடன் சிறிது எள் சேர்ப்பது பொருத்தம். பருத்திப் புண்ணாக்கில் காசிபால் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அது மாட்டுக்கு ஆகும், குஞ்சுக்கு ஆகாது.

கிலோ விலையை மட்டும் பார்க்கக் கூடாது. 44 சதச் சரக்கு 44 ரூபாய், 22 சதச் சரக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ புரதத்துக்கு முதலாவதில் 100 ரூபாய், இரண்டாவதில் 136 ரூபாய். மலிவு எது?

புரதத்தைவிட முக்கியம் ஈரம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம். அந்த நஞ்சுக்குத்தான் பின்னர் அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். இந்தப் பாடம் எனக்கும் கிடைத்தது. பல வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில் நனைந்த மூட்டைகளைக் காயவைத்து, விலை குறைத்து விற்றேன். வாங்கியவரின் குஞ்சுகள் வரிசையாகச் செத்தன. அவர் சண்டைக்கு வரவில்லை. கடைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். வெயிலில் காய்ந்தால் ஈரம் போகும், நஞ்சு போகாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆகவே மூட்டைகளைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். பழைய சரக்கை முதலில் தள்ளுங்கள். சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்புங்கள். பரிசோதனைச் செலவு ஒரு மூட்டையோடு போகும். கெட்ட சரக்கு வாடிக்கையையே கொண்டுபோகும்.