ஒரு வார்ப்புரு, பல வரையறை

ஒரு துறையின் பொருள்களையும் அவற்றிடை உறவுகளையும் கணிப்பொறி கையாளுமாறு வரையறுத்துரைப்பதை அறிவுப் பொறியியலார் 'ஆன்டாலஜி' என்பர். பழ ஈ, சுண்டெலி, ஈஸ்ட் ஆகியவற்றின் மரபணுப் பணிகளைப் பொதுச் சொற்களால் விளக்க, 1998இல் 'ஜீன் ஆன்டாலஜி' தோன்றியது. அதன் சொற்கள் பல்லாயிரமாகப் பெருகின. ஒவ்வொன்றையும் தனித்தனியே வரையறுப்பின் முரண்பாடு நேரும். ஆதலின் வார்ப்புருக்கள் எழுந்தன.

"'க'வை நெறிப்படுத்தல் என்பது, 'க' நிகழும் தடவையையோ விரைவையோ அளவையோ மாற்றும் செயல்" என்பது அத்தகையதொன்று. 'க' நிற்குமிடத்தில் 'உயிரணுப் பிரிவு' எனப் பெய்தால் ஒரு வரையறை. 'குளுக்கோஸ் கடத்தல்' எனப் பெய்தால் மற்றொன்று. அவ்விடத்தில் செயலையே பெய்யலாம், பொருளைப் பெய்யலாகாது. ஒரு புணர்ச்சி விதி பல சொற்களை ஆள்வதை நாம் அறிவோம், இதுவும் அன்னதே.

வார்ப்புருவைத் திருத்தி மீண்டும் வார்த்தால் அதிற்பிறந்தவை யாவும் திருந்தும். அதிற் பிழையிருப்பின் அப்பிழையே யாண்டும் பரவும். எனவே வார்ப்புரு வகுப்போர்க்குக் கணிப்பொறிப் பயிற்சியினும் துறையறிவே முதன்மையானது என்பது நம் துணிபு.