தொழில் மாற்றமும் முன்னேற்பாடும்

ஒரு தொழிலில் நின்றான் ஒருவன் அதனை விடுத்து வேறொன்றை மேற்கொள்ளப் புகுங்கால், சுற்றத்தார் கூறுவன இரண்டே. ‘நன்று துணிந்தாய்’ என்பர் சிலர். ‘கெட்டாய்’ என்பர் பலர். இவ்விரு சாராரும் கேளாது விடும் வினா ஒன்று உண்டு. அம்மாற்றத்திற்கென அவன் யாது ஏற்பாடு செய்தான் என்பதே அது. அவ்வினாவைக் குறித்துச் சிறிது ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம் பெரிய தந்தையாரின் மகனார், சென்னையில் கணினிக் கம்பெனி ஒன்றில் எட்டாண்டுகளாக ஊழியம் புரிபவர், எம்மைத் தனியே அழைத்து, “தம்பி, வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். கணக்கு ஆசிரியனாக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நீ ஒரு முறை மாறியவன் அல்லவா? உன் கருத்து என்ன?” என்று வினவினார். முப்பது வயதினர் பத்தொன்பது வயதினரிடம் அறிவுரை நாடுதல் நகைப்பிற்கிடமானதே. ஆயினும் யாம் மாறியவர் என்பது மெய். இக்கல்லூரியின் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற்கு வருமுன் யாம் ஓராண்டு பொறியியல் பயின்றோம்.

அதனை மாற்றம் என்பதினும் ஓட்டம் என்பதே பொருந்தும். ஒரு தேர்வில் தோற்ற மறுநாட் காலையில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பேருந்தேறி ஊர் வந்து சேர்ந்தோம். தமிழ் பயில வேண்டும் என்னும் வேட்கை எம் உள்ளத்தில் இருந்தது உண்மையே. எனினும் அதனை அதுகாறும் வீட்டில் ஒருவரிடமும் உரைத்திலோம். எம் கட்டணத்தின் பொருட்டு எம் தாயாரின் வளையல்கள் இரண்டு அடகுக் கடையில் இருந்தன. எஞ்சிய கட்டணத்தையும் செலுத்தினாலன்றிச் சான்றிதழ்களைத் தருவதற்கில்லை என்று அக்கல்லூரியார் கூறிவிட்டனர். எம் தந்தையார் மும்முறை நடந்தார். மூன்றாம் முறை, வளையல்கள் சென்ற வழியே சங்கிலியும் சென்றது. சான்றிதழ்கள் எம் கைக்கு வந்தது, இங்கே விண்ணப்பம் செலுத்துதற்குரிய இறுதி நாளுக்கு முந்திய மாலையில். தந்தையார் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். கடிந்திருப்பாராயின் எமக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

இத்தகைய தகுதியோடு அண்ணனுக்கு விடை கூற நாணி, சிறிது காலம் தரும்படி வேண்டிக்கொண்டு, விடுமுறை கழிந்ததும் நூலகம் புகுந்தோம். ஆங்கே ஆல்பர்ட் ஷ்வைட்சர் தம் வாழ்க்கையைக் குறித்துத் தாமே எழுதி 1931-இல் வெளியிட்ட நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு எம் கண்ணிற்பட்டது. அப்பெரியார் ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவமனை அமைத்தவர் என்பதும், 1952-ஆம் ஆண்டிற்குரிய நோபெல் அமைதிப் பரிசு பெற்றவர் என்பதும் நம்மிற் பலர் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டவை. அத்தொண்டிற்குப் புறப்படுமுன் அவர் கழித்த ஆண்டுகளைக் குறித்து ஒருவரும் நமக்குச் சொன்னதில்லை. யாம் கற்கத் தக்கனவாகக் கண்டவை அவ்வாண்டுகளிலேயே உள்ளன.

ஷ்வைட்சர் 1875-இல் அல்சேஸ் நாட்டில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் ஜெர்மானிய ஆட்சியில் இருந்தது. முப்பது வயது நிரம்புமுன் அவர் தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்; ஸ்ட்ராஸ்பர்க் நகரில் தேவாலயப் பிரசங்கியாராகவும், பல்கலைக்கழகத்தில் இறையியல் விரிவுரையாளராகவும், இறையியல் மாணவர் விடுதிக் கல்லூரியின் தலைவராகவும் விளங்கினார். ஆர்கன் வாசிப்பதிலும் வல்லுநர். இசை மேதை பாஹ் என்பாரைக் குறித்துப் பிரெஞ்சு மொழியில் அவர் எழுதிய பெருநூல் 1905-இல் வெளிவந்தது. இவ்வளவும் உடைய ஒருவர் அவ்வாண்டு அக்டோபர் 13-ஆம் நாள் பாரிஸ் நகரில் ஓர் அஞ்சற் பெட்டியில் சில கடிதங்களை இட்டார். தாம் மருத்துவ மாணவராகச் சேர்ந்து, பின்னர் ஆப்பிரிக்காவிற்குச் செல்லப் போவதாகப் பெற்றோருக்கும் நண்பருக்கும் அறிவித்த கடிதங்கள் அவை.

கடிதம் பெற்றோர் திடுக்கிட்டனர். அவருடைய ஆர்கன் ஆசிரியர் விதோர், படைத்தலைவன் துப்பாக்கி ஏந்திக் காலாளோடு முன்னணியில் நிற்க விரும்புவது போலும் என்று கடிந்தார். ஆனால் அத்துணிபு கடிதம் எழுதிய நாளிற் பிறந்ததன்று. 1896-இல், தம் இருபத்தொன்றாம் வயதில், முப்பது வயது வரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது, அதன்பின் மக்கட் பணிக்கு நேரே தம்மை ஒப்புவிப்பது என்று அவர் உறுதி செய்துகொண்டார். எப்பணி என்பது அப்போது அவருக்கே தெரியாது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆதரவற்ற சிறுவரைப் பேணும் முயற்சியில் இறங்கிப் பார்த்தார்; வீடின்றித் திரிவோர்க்கும் சிறை மீண்டோர்க்கும் உதவிப் பார்த்தார். அவையெல்லாம் பெரிய நிறுவனங்களைச் சார்ந்தே நடத்தற்குரியன என்றும், தாம் விழைவது தனித்து நின்று செய்யும் பணி என்றும் அதனால் உணர்ந்தார். பின்னர் 1904-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பாரிஸ் மிஷன் சங்கத்தின் இதழில், காங்கோ மிஷனுக்கு ஆள் வேண்டும் என்னும் கட்டுரையைப் படித்ததும் தேடல் முடிந்தது. விதோர் முதலியோர் கண்டது ஒரு கடிதத்தை மட்டுமே. அதன்பின் ஒன்பதாண்டுகள் இருந்தன.

எம் ஓட்டத்திற்கும் இதற்கும் உள்ள தொலைவை இவ்விடத்தில் யாம் நன்குணர்ந்தோம். யாம் ஒன்றினின்று நீங்கினோம். அவர் ஒன்றை நோக்கிச் சென்றார். தேர்வில் தோற்றிராவிடின் யாம் இன்றும் அப்பொறியியல் வகுப்பிலேயே அமர்ந்திருப்போம் அல்லமோ?

இனி, அவர் பயின்ற காலத்தைக் காண்போம். பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிந்துகொள்ள விதி இடந்தரவில்லை. அரசினரின் தனி இசைவு பெற வேண்டியதாயிற்று. முப்பது வயதில் வேதியியலும் உடற்கூற்றியலும் மனனம் செய்வது எளிதன்று; களைப்போடு தாம் ஓயாது போராடியதாக அவரே எழுதுகிறார். விடுதிக் கல்லூரித் தலைமையை 1906-இல் துறந்தார். தோட்டத்தை நோக்கிய அழகிய இல்லத்தைவிட்டு மேன்மாடச் சிற்றறைகளிற் குடிபுகுந்தார். எனினும் யாம் வியந்தது, அவர் துறந்தவற்றைக் கண்டன்று. துறவாது வைத்தவற்றைக் கண்டே. பிரசங்கமும் விரிவுரையும் 1912 வரை நடந்தன. ஆர்கன் இசையரங்குகள் தொடர்ந்தன. பாஹ் நூலை ஜெர்மானிய மொழியில் மேலும் விரித்து 1908-இல் வெளியிட்டார். மருத்துவத் தேர்வுக் கட்டணத்தையே மியூனிக் நகரில் ஓர் இசைவிழாவில் ஆர்கன் வாசித்து ஈட்டினார். பழைய தொழில் புதிய தொழிலுக்குச் செவிலித்தாயாக நின்று பாலூட்டியது எனலாம். பவுல் அப்போஸ்தலர் கொரிந்து பட்டணத்தில் கூடாரம் பண்ணும் தொழிலைக் கைவிடாது ஊழியம் நடத்தியதும் இவ்விடத்தில் நினைவிற்கு வருகின்றது.

பொருள் திரட்டுதல் அவருக்குப் பெருந்துன்பமாயிற்று. தம் மருத்துவமனைச் செலவை மிஷன் சங்கத்தின்மேற் சுமத்துவதில்லை என்று அவர் வாக்களித்திருந்தார். ஆதலின் தெரிந்தவர் வீடுதோறும் சென்று கை நீட்டினார். விருந்தினராகக் கருதி முகமலர்ந்து வரவேற்றவர் சிலர், வந்த காரியம் தெரிந்ததும் குரல் மாறினராம். வேறோர் இடையூறும் எழுந்தது. அவருடைய இறையியற் கொள்கைகளை மிஷன் சங்கத்தாரிற் பலர் ஐயுற்றனர். குழுவின் முன் நின்று தம் விசுவாசத்தை ஆராய்தற்கு உட்பட அவர் மறுத்தார்; உறுப்பினர் ஒவ்வொருவரையும் அவரவர் இல்லத்திற் கண்டு பேசினார். மருத்துவனாக மட்டுமே வருவேன், கொள்கை பேசாது மீனைப் போல் வாய் மூடியிருப்பேன் என்று உறுதி கூறினார். குழுவாகக் கூடியிருக்குமிடத்துத் தீராத ஐயம் தனித்தனியே பேசுமிடத்துத் தீரும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். எம் தந்தையாரிடம் ஒரு மாலை தனியே பேசும் அத்துணைத் துணிவு எமக்கு அந்நாளில் இருந்ததில்லை.

1912-இல் அவர் ஹெலன் பிரெஸ்லோ அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் இப்பணியின் பொருட்டே செவிலியர் கல்வி பயின்றிருந்தார். கணவர் மருத்துவர், மனைவியார் செவிலியர் என இருவரும் ஆயத்தமாகியே புறப்பட்டனர். அவர் பாரிஸில் வெப்பநாட்டு நோய்களைக் குறித்துத் தனியே பயின்றார். மருந்தும் கருவியும் எழுபது பெட்டிகளில் அடைக்கப்பட்டன. 1913-ஆம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமையன்று ஊரினின்றும் புறப்பட்டு, ஏப்ரல் திங்களில் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனேயை அடைந்தனர்.

அடைந்து கண்டது யாது? அமைத்துத் தருவதாகச் சொல்லியிருந்த மருத்துவக் கட்டடம் எழவே இல்லை. மர வாணிகத்தில் கூலி மிகுதியாகக் கிடைத்தமையால் வேலையாட்கள் அகப்பட்டிலர். ஏழாண்டிற்கு மேல் ஆயத்தம் செய்த அறிஞர், பழைய கோழிக் கூடு ஒன்றைச் சுண்ணாம்பு பூசித் தம் முதல் மருத்துவ அறையாகக் கொண்டார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. லம்பரேனே பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது; அவரும் மனைவியாரும் ஜெர்மானியக் குடிகள். ஆதலின் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டு, 1917-இல் கைதிகளாகப் பிரான்சு தேசத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1918-இல் விடுதலை பெற்றபோது அவரிடம் எஞ்சியது நோயும் கடனுமே.

எந்த ஏற்பாடும் இவற்றைத் தடுத்திராது. ஆயின் கடனை அடைத்தது எது? 1920-இல் சுவீடன் நாட்டிற்கு விரிவுரை ஆற்ற அழைக்கப்பட்டவர், அங்கே ஆர்கன் வாசித்தும் சொற்பொழிந்தும் பொருளீட்டினார். துறந்துவிட்டதாகத் தாம் எண்ணிய கலையே அவரைக் கரையேற்றியது. 1924-இல் மீண்டும் லம்பரேனே சென்றபோது காடு மூடிக் கிடந்த மருத்துவமனையைப் புதிதாக எடுப்பித்தார். ஆப்பிரிக்க மக்களைத் தம்பியர் எனக் கருதித் தாம் தமையன் நிலையில் நின்றார் என்று பிற்காலத்தார் அவரைக் குறை கூறுவர், அக்குறை பொருளற்றதன்று. அவருடைய கருத்தனைத்தையும் யாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயத்தம் செய்த முறையையே யாம் நோக்கினோம்.

நம் தமிழுலகிலும் இதனோடு ஒப்பிடத்தக்கார் உளர். எஸ். வையாபுரிப் பிள்ளை வழக்கறிஞராகத் திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் தொழில் நடத்தினவர். அக்காலத்திலேயே ஏடுகளையும் நூல்களையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1922-இல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தார். 1926-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்ஸிகனின் பதிப்பாசிரியராகும் வாய்ப்பு வந்தபோது, அதற்கு வேண்டிய படிப்பு அவரிடம் முன்னரே நிறைந்திருந்தது. வாய்ப்பு வந்த பின்னர்த் தொடங்கியிருப்பின் காலம் போதாது என்பது அந்த அகராதியின் ஒரு பக்கத்தைப் புரட்டினார்க்கும் விளங்கும்.

இவற்றையெல்லாம் படித்த பின்னரே அண்ணனுக்குக் கடிதம் எழுதினோம். அறிவுரை எழுதவில்லை; வினாக்களையே எழுதினோம். ஒரு சிறுவனுக்கேனும் இதுவரை கணக்குச் சொல்லிக் கொடுத்ததுண்டா? பி.எட். படிப்பு ஈராண்டு, நாள்தோறும் வகுப்பிற்குச் செல்ல வேண்டும், அவ்வீராண்டும் வீட்டுக் கடனை யார் கட்டுவது? படிப்பிற்குப் பின் ஆசிரியர் தகுதித் தேர்வும் உண்டு. தேறியவர்க்கெல்லாம் உடனே பணி கிடைத்துவிடுவதில்லை. அக்காலத்திற்கு என்ன வழி? கணினி வேலையில் பகுதி நேரமாகச் செய்யத்தக்கது ஏதேனும் உண்டா? அண்ணியாரிடம் சொல்லியாயிற்றா?

கடைசி வினாவிற்கே முதலில் விடை வந்தது. ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். ஒரு வாரங் கழித்து, ‘சொல்லிவிட்டேன், இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் கணக்கு நோட்டை எடுத்து வந்து அமர்ந்துவிட்டாள்’ என்று எழுதினார். இருவரும் கணக்கிட்டதில், கையிலிருந்த சேமிப்பு ஏழு மாதத்திற்கே போதுமாயிருந்தது. ஆகவே இவ்வாண்டு விலகுவதில்லை என்றும், செலவைச் சுருக்கி இன்னும் இரண்டரை ஆண்டு சேமிப்பது என்றும் முடிவு செய்தனர்.

இதற்கிடையில் அவர் தம் சபையார் நடத்தும் மாலைப் பள்ளியில் சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். முதல் நாள் பின்னம் நடத்தினாராம். ஓர் எண்ணை அரையால் வகுத்தால் ஏன் பெரிதாகிறது என்று ஒரு சிறுமி கேட்க, எட்டாண்டு கணினியோடு பழகியவர்க்கு விடை சொல்ல நா எழவில்லையாம். வீடு சென்று இரவு முழுதும் எண்ணி, மறுவாரம் நான்கு தோசைகளோடு பள்ளிக்குப் போயிருக்கிறார். ஒவ்வொன்றையும் பாதியாகக் கிழித்து எட்டுப் பேருக்குக் கொடுத்ததும் சிறுமி சிரித்துவிட்டாள். இதனை எழுதிய கடிதம் நான்கு பக்கம் இருந்தது. கம்பெனி வேலையைக் குறித்து அவர் எமக்கு ஒரு காலும் அரைப் பக்கம் எழுதியதில்லை.

எம் தாயாரின் சங்கிலி சென்ற மாதம் மீண்டது. வளையல்கள் இன்னும் கடையிலேயே உள்ளன. விடுதிக்கு அருகிலுள்ள இல்லம் ஒன்றில் இரு சிறுவர்க்கு மாலையில் தமிழ் கற்பித்துப் பெறும் ஊதியத்தை வட்டிக்கென ஊருக்கு அனுப்பி வருகிறோம். எமக்கும் கற்பித்தல் வருமா என்பதை அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.